ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியம்: குறிகளையும் நிறங்களையும் படிக்க, வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க

ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியக் குறிகள் என்று தேடினால் ஒரே மாதிரியான அட்டவணைதான் திரும்பத் திரும்பக் கிடைக்கும். வளையம் என்றால் நீர்நிலை, லாட வடிவம் என்றால் மனிதர், அலைக்கோடு என்றால் ஆறு. சிவப்பு மண், மஞ்சள் சூரியன், நீலம் தண்ணீர். பள்ளிக் கண்காட்சிக்கு அதை அச்சடித்து சார்ட் பேப்பரில் ஒட்டி, பக்கத்தில் புள்ளி வைத்த கங்காரு ஒன்றை வரைந்தால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த அட்டவணை முழுப் பொய் அல்ல. ஆனால் அவை யாருடைய குறிகள் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் அரைகுறைதான்.

1788-ல் ஆங்கிலேயர் குடியேறத் தொடங்கியபோது அந்தக் கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. ஒவ்வொரு மொழிக்குழுவுக்கும் தனி நிலம், தனிக் கதைகள், தனிச் சடங்குகள். எந்தக் கதையை யார் சொல்லலாம், எந்தக் குறியை யார் வரையலாம் என்பதும் பிறப்பாலும் உறவாலும் தீர்மானமாகும். பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தின் கதையை ஒரு பூர்வகுடி ஓவியரே அனுமதி இல்லாமல் வரைய மாட்டார்.

ஆகவே வேலை இரண்டு. ஓவியத்தைச் சரியாகப் படிக்கப் பழகுவது ஒன்று. அவர்களுடைய குறிகளைத் தொடாமல், அவர்கள் நிலத்தைப் பார்க்கும் முறையை மட்டும் கற்றுக்கொண்டு, காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகள் தங்கள் ஊரைக் காவியாலும் கரியாலும் வரைவது இன்னொன்று. ஓவிய வகுப்பு நடத்துபவர்கள், படிப்பகங்களில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள், வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு உட்காரப்போகும் பெற்றோர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

படத்துக்கு முன்னால் விவரத்தைப் படியுங்கள்

புத்தகத்திலோ அருங்காட்சியகத் தளத்திலோ ஒரு படத்தைப் பார்த்தால் முதலில் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஓவியர் பெயர், மொழிக்குழு, ஊர், தலைப்பு, எந்தப் பொருளால் வரைந்தது. இந்த ஐந்தில் மொழிக்குழுவும் ஊரும் இல்லாத படத்தை வகுப்புக்கு எடுக்காதீர்கள். அவை இல்லாமல் குறிகளை விளக்க முயன்றால் ஊகம்தான் மிஞ்சும்.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு. மேற்குப் பாலைவன ஓவியர்களில் ஜபல்ஜாரி, ஜம்பிஜின்பா என்று முடியும் பெயர்கள் நிறைய. இவை குடும்பப் பெயர்கள் அல்ல. சமூகம் எட்டு உறவுப் பிரிவுகளாக இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஆண் பெயர் ஒன்று, பெண் பெயர் ஒன்று. ஆண் பெயர் ‘ஜ’ ஒலியில் தொடங்கினால் அதே பிரிவின் பெண் பெயர் ‘ந’ ஒலியில் தொடங்கும்: ஜபல்ஜாரி, நபல்ஜாரி. இரண்டு ஓவியர்கள் ஜபல்ஜாரி என்பதால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று எழுதிவிடாதீர்கள். யார் யாரை மணக்கலாம், எந்தக் கதைக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் இந்தப் பிரிவோடு சேர்ந்தே வருகிறது.

பல சமூகங்களில் அண்மையில் இறந்தவரின் பெயரைச் சொல்வதையும் படத்தைக் காட்டுவதையும் தவிர்ப்பார்கள். ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களும் தொலைக்காட்சியும் அதற்காக முன்னறிவிப்பு வைக்கின்றன. ஓவியரின் முகப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டும் வழக்கத்தை இந்த வகுப்பில் விட்டுவிடலாம். ஓவியமே போதும்.

பாலைவன ஓவியத்தை எந்த வரிசையில் படிப்பது

அட்டவணைகளில் வரும் குறிகள் பெரும்பாலும் நடு ஆஸ்திரேலியப் பாலைவன மக்களுடையவை. அவற்றுக்கு வேர் மணல். கதை சொல்பவர் தரையில் உட்கார்ந்து, முன்னால் மணலைத் தட்டிச் சமன் செய்து, விரலால் வரைந்துகொண்டே பேசுவார். ஒரு காட்சி முடிந்ததும் அழித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார். உடல் மீது வரைவதும் சடங்குத் தரையில் வரைவதும் இதே குறிகளால்தான். நிலத்தில் பதியும் தடத்தை மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அதுவே குறி. ஆகவே படத்துக்கு மேல் கீழ் கிடையாது. தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் சுற்றி வந்து பாருங்கள்.

முதலில் வளையத்துக்குள் வளையமாக இருப்பவற்றைத் தேடுங்கள். நீர்ச்சுனை, தங்குமிடம், நெருப்பு, குகை, சடங்கு நடக்கும் இடம் என்று எதுவாகவும் அது இருக்கலாம். எது என்பதைத் தலைப்பும் கதையும்தான் சொல்லும். அடுத்து வளையங்களை இணைக்கும் கோடுகள். நேர்கோடுகள் பெரும்பாலும் பயணப் பாதை. நெளியும் இணைகோடுகள் ஓடும் தண்ணீராகவோ, பாம்பாகவோ, புகையாகவோ, மின்னலாகவோ இருக்கலாம். வில் போன்ற வளைவுகளை அடுக்கியிருந்தால் மணல்மேடு, மேகம், வானவில், காற்றுத்தடுப்பு ஆகியவற்றில் ஒன்றா என்று பாருங்கள்.

பிறகு லாட வடிவங்கள். ஒருவர் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் பதியும் அச்சு அது. திறந்த பக்கம் அவர் பார்க்கும் திசை. நெருப்பைச் சுற்றி நான்கு லாடங்கள் உள்நோக்கித் திறந்திருந்தால் நான்கு பேர் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். லாடம் மட்டும் இருந்தால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. பக்கத்தில் கிழங்கு தோண்டும் கோலும் நீள்வட்ட மரத்தட்டும் இருந்தால் பெண். ஈட்டி, கேடயம், பூமராங் இருந்தால் ஆண்.

கடைசியாகக் கால்தடங்கள். ஈமுவுக்கு மூன்று விரல் அம்பு. கங்காருவுக்கு இரண்டு நீண்ட பாதம், நடுவில் வால் இழுத்த கோடு. கோவானா என்ற பெரிய உடும்புக்கு வளைந்த வால்கோடும் இருபுறமும் சிறு பாதங்களும். பாசம் என்ற மரவிலங்குக்கு ஆங்கில ஈ எழுத்து போன்ற தடம். இந்த விலங்கு வெறும் விலங்காக இல்லாமல், நிலத்தை உருவாக்கிக்கொண்டே நடந்த முன்னோராகவும் இருக்கலாம். ‘ட்ரீமிங்’ என்று அவர்கள் குறிப்பிடுவது அந்தப் பயணத்தையும், அது விட்டுச் சென்ற மலை, சுனை, பாறைகளையும், அங்கே எப்படி வாழவேண்டும் என்ற சட்டத்தையும் சேர்த்துத்தான். அது என்றோ முடிந்துபோன பழங்கதை அல்ல, இன்றும் நடப்பில் இருப்பது.

இத்தனையும் பார்த்த பிறகே புள்ளிகளுக்கு வாருங்கள். நம் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவார்கள். கோலத்தில் புள்ளி முதலில் வரும், கோடு அதைச் சுற்றும். பாலைவன ஓவியத்தில் பெரும்பாலும் குறிகளும் பாதைகளும் முதலில் வரும். புள்ளிகள் பின்னால் வந்து இடைவெளியை நிரப்பும். புள்ளி நிலத்தின் தன்மையைக் காட்டலாம்: புதர்கள், எரிந்த தரை, விதைகள், மழைக்குப் பின் பூத்த பூக்கள். வெளியார் பார்க்கக்கூடாததை மூடும் திரையாகவும் புள்ளி வேலை செய்திருக்கிறது.

அந்தத் திரையின் கதை அண்மையது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டரில் உள்ள பபுன்யா என்ற குடியிருப்பில், 1971-ல், ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் ஊக்கம் தர, அங்கிருந்த பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்பின் கதையை வரைந்தார்கள். பிறகு பலகைகளில் வரையத் தொடங்கினார்கள். 1972-ல் பபுன்யா துலா என்ற ஓவியர்களின் சொந்த நிறுவனம் உருவானது. தொடக்கப் படங்கள் சிலவற்றில் சடங்கறிந்த ஆண்கள் மட்டுமே பார்க்க வேண்டியவை வெளிப்படையாக இருந்ததால் சமூகத்துக்குள் எதிர்ப்பு வந்தது. அதன்பின் ஓவியர்கள் அவற்றை விலக்கினார்கள் அல்லது புள்ளிகளால் மறைத்தார்கள். ஆகவே புள்ளி ஓவியம் 65,000 ஆண்டுப் பழைமையானது என்று கண்காட்சி அட்டையில் எழுதினால் அது தவறு. குறிகள் பழையவை. பலகையிலும் துணியிலும் செயற்கை வண்ணத்தால் புள்ளி நிரப்பும் முறை 1970-களில் வளர்ந்தது.

வகுப்பில் காட்ட ஒரே ஒரு படம் என்றால் கிளிஃபர்ட் பாசம் ஜபல்ஜாரி 1977-ல் வரைந்த ‘வார்லுகுலாங்’ படத்தை எடுங்கள். தீயின் கதை நடுவில், அதைச் சுற்றிப் பல முன்னோர்களின் பாதைகள், வெவ்வேறு தடங்கள். வரிசையாகப் படித்துப் பழக இதைவிட நல்ல படம் கிடைப்பது அரிது. 2007-ல் 24 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போய், இப்போது அந்நாட்டுத் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

எல்லா ஊரும் புள்ளி ஊர் அல்ல

வடக்கே ஆர்ன்ஹெம் லேண்டில் மரப்பட்டை ஓவியம். மழைக்காலத்தில் யூகலிப்டஸ் மரத்தில் சாறு ஓடும்போது பட்டையை உரித்து, வெளிச் சொரசொரப்பை நீக்கி, நெருப்பில் வாட்டி, கல்லை ஏற்றித் தட்டையாக்குவார்கள். தலைமுடி சில இழைகளைக் குச்சியில் கட்டிய தூரிகையால் மெல்லிய குறுக்குக்கோடுகளை இழுப்பார்கள். ராரக் எனப்படும் இந்தப் பின்னல் அழகுக்கு மட்டும் அல்ல. கோடுகளின் வண்ண வரிசையும் அமைப்பும் எந்தக் குலம், எந்த நிலம் என்று சொல்லும். அங்கே வாழும் யோல்ஙு மக்களுக்கு அந்தப் பின்னல் தரும் மினுமினுப்பே முன்னோரின் ஆற்றல் அங்கே இருப்பதன் அடையாளம். அதே பகுதியின் பாறை ஓவியங்களில் மீனின் முள்ளும் குடலும் வெளியே தெரியும்படி வரைந்திருப்பார்கள். காசிமேட்டுப் பிள்ளைகள் இதை மிகவும் ரசிப்பார்கள், ஏனென்றால் மீனை அறுத்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

மேற்கே கிம்பர்லியில் வாய் இல்லாத, தலையைச் சுற்றி ஒளிவட்டம் கொண்ட வாண்ட்ஜினா உருவங்கள் உண்டு. மேகத்தையும் மழையையும் தருபவர்கள். வொரோரா, ஙரின்யின், வுனம்பல் ஆகிய மூன்று மக்களுக்கே அவற்றை வரையும் உரிமை. டார்வினுக்கு வடக்கே திவி தீவுகளில் மரச் சீப்பைக் காவியில் தோய்த்து ஒரே அழுத்தில் ஒரு வரிசைப் புள்ளி வைப்பார்கள்.

நிறங்கள் எங்கிருந்து வருகின்றன, என்ன சொல்கின்றன

அடிப்படை நிறங்கள் நான்கு: சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு. சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடு கலந்த காவி. வெள்ளை என்பது வெள்ளைக் களிமண். கறுப்பு கரி, சில இடங்களில் மாங்கனீசுத் தாது. மட்ஜெட்பெபே என்ற ஆர்ன்ஹெம் லேண்ட் பாறைக்குடிலில் சுமார் 65,000 ஆண்டு பழைய மண்ணடுக்கில் அரைத்த காவி கிடைத்திருக்கிறது. முங்கோ ஏரிக் கரையில் 40,000 ஆண்டுக்கும் முன் புதைக்கப்பட்ட மனிதரின் உடல்மேல் செங்காவி தூவியிருந்தார்கள்.

காவி எங்கே எடுத்தது என்பதே அதன் பொருளில் பாதி. மேற்கு ஆஸ்திரேலியாவின் வில்கி மியா சுரங்கத்துக் காவி வெகுதூரம் பண்டமாற்றில் போனது. ஈட்டி பாய்ந்த பெரிய கங்காரு கடைசியாகத் தாவி விழுந்த இடம் அது என்கிறது அங்கத்திய கதை. அதன் இரத்தம் சிவப்பு, ஈரல் மஞ்சள், பித்தம் பச்சைக் காவி. அந்தச் சிவப்பைப் பூசிக்கொள்பவர் அந்தக் கங்காருவைப் பூசிக்கொள்கிறார். சிவப்பு என்றால் மண் என்று ஒற்றை வரியில் முடித்தால் இதெல்லாம் விழுந்துவிடும்.

வெள்ளை பல சமூகங்களில் துக்கத்தின் நிறம், ஆனால் எல்லா வெள்ளையும் துக்கம் அல்ல. நடனத்துக்கு உடலில் பூசும் வெள்ளையும் உண்டு. நீலம் தண்ணீர் என்பது பெரும்பாலும் நம் ஊகம். நடுப் பாலைவன ஊரான யுவெண்டுமுவில் 1985-ல் தொடங்கிய வார்லுகுர்லாங்கு என்ற ஓவியர் அமைப்பினர் நீலம், இளஞ்சிவப்பு, ஊதா என்று பளிச்சென்ற செயற்கை வண்ணங்களைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே நீலம் தண்ணீராகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நிறத்துக்கு உறுதியான பொருள் சொல்லக்கூடிய இடம் கொடி. லுரிட்ஜா இனத்தவரான ஹரால்ட் தாமஸ் வடிவமைத்த பூர்வகுடிக் கொடி 1971 ஜூலையில் அடிலெய்டில் முதன்முதலில் பறந்தது. கறுப்பு மக்களைக் குறிக்கிறது. சிவப்பு நிலமும் காவியும், நிலத்தோடு உள்ள உறவும். நடு மஞ்சள் உயிர் தரும் சூரியன். டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் தனி மக்கள், அவர்களுக்குத் தனிக் கொடி: 1992-ல் பெர்னார்ட் நமோக் வடிவமைத்தது. பச்சை நிலம், நீலம் கடல், கறுப்புக் கோடுகள் மக்கள், வெள்ளையில் தலை அணி, ஐந்து முனை நட்சத்திரம் ஐந்து தீவுக்கூட்டம். வினாடி வினாவில் இரண்டையும் குழப்புவது சகஜம்.

தொடக்கூடாதவை

1966-ல் ஆஸ்திரேலியா புதிய ஒரு டாலர் நோட்டு அச்சிட்டபோது டேவிட் மலங்கியின் மரப்பட்டை ஓவியத்தை அவரைக் கேட்காமலேயே அதில் போட்டார்கள். அவருடைய குல முன்னோரின் இறுதிச்சடங்கு அது. விஷயம் வெளியே வந்தபின் 1000 டாலர், ஒரு பதக்கம், மீன்பிடிக் கருவிகள் கொடுத்தார்கள். 1994-ல் ஒரு வழக்கு. பூர்வகுடி ஓவியர்களின் படங்களை அனுமதியின்றிக் கம்பளத்தில் நெய்து வியட்நாமிலிருந்து கொண்டுவந்து விற்றதற்காக, கூட்டாட்சி நீதிமன்றம் 1,88,000 டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது. புனிதமான சுனையின் வடிவம் காலடியில் மிதிபட்டால் அதை வரையும் உரிமை பெற்றவர் தன் சமூகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு அதனால் நேரும் வேதனையைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது.

அதனால் வகுப்பில் இவற்றைப் பிள்ளைகள் வரையவேண்டாம்: வாண்ட்ஜினா, வானவில் பாம்பு என்ற முன்னோர் உருவம், ராரக் பின்னல், வளையம், பாதை, லாடம், புள்ளி எல்லாம் சேர்ந்த பாலைவன அமைப்பு, பூமராங் மேல் புள்ளி வேலை. வளையமும் புள்ளியும் உலகமெங்கும் உண்டு, தனித்தனியே அவற்றுக்குத் தடை இல்லை. அவர்களுடைய சேர்க்கையை எடுத்துக்கொள்வதுதான் எல்லை மீறல். படத்தைப் பார்க்கலாம், பேசலாம், விரலால் காற்றில் தடத்தைப் பின்தொடரலாம். நகல் எடுத்துத் தாளில் நிரப்பவேண்டாம்.

மெல்போர்னிலிருந்தோ சிட்னியிலிருந்தோ உறவினர் பரிசு வாங்கி வருகிறார் என்றால் ஓவியர் பெயரும் ஊரும், பணம் ஓவியருக்குப் போகும் உரிம விவரமும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தோனேசியாவில் செய்த பொருள்களைப் பூர்வகுடிக் கைவேலை போல விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-ல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

காவி வண்ணம் செய்வது

20 பிள்ளைகளுக்கு, ஏ4 அளவு அட்டைக்கு: சிவப்புக் காவிக்கல் 400 கிராம், மஞ்சள் காவி 200 கிராம், நாமக்கட்டி 300 கிராம், கரி 50 கிராம், வெள்ளைப் பசை (ஃபெவிகால் வகை) 500 கிராம். சிவப்பு கூடுதலாக வேண்டும், ஏனென்றால் அடிப்பூச்சும் அதிலேதான். காவிக்கல்லும் நாமக்கட்டியும் பாரிமுனைப் பக்கம் ராசப்ப செட்டித் தெரு நாட்டுமருந்துக் கடைகளில் கேளுங்கள். மஞ்சள் காவியைப் பெயிண்ட் கடையில் வாங்கினால் மங்கலான மண்மஞ்சளைத்தான் வாங்கவேண்டும். எலுமிச்சை மாதிரி பளிச்சென்ற மஞ்சள் பொடியில் ஈயம் இருக்கக்கூடும், பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. கரிக்குத் தெரு முனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டால் இரண்டு துண்டு தருவார்.

சாயம் கலந்த போலிக் காவியும் உண்டு. ஒரு சிட்டிகையை ஈரச் செய்தித்தாளில் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பொடியைத் தாண்டி நிறம் வளையமாகக் கசிந்தால் சாயம். மண் நிறம் இருந்த இடத்தில் இருக்கும். சமையல் மஞ்சளைக் காவிக்குப் பதிலாக எடுக்காதீர்கள், வெயில் பட்டால் சில நாளில் வெளுத்துவிடும். காவி வெளுக்காது. வெள்ளைக்குச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். கையையும் கண்ணையும் புண்ணாக்கும்.

காவிக்கல்லைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, அம்மியில் தண்ணீர் தெளித்தே அரையுங்கள். உலர்ந்து அரைத்தால் தூசி நெஞ்சுக்குள் போகும். அரைத்ததை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி 30 நொடி காத்திருங்கள். மணல் அடியில் தங்கிவிடும். நிறத் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் மேலே தெளிந்த தண்ணீரைச் சாய்த்துவிட்டு, அடியில் உள்ள சேற்றைப் பழைய வேட்டித் துணியில் வடித்துக் காயவைத்தால் மாவுபோன்ற காவி கிடைக்கும். இந்த வேலையைத் தவிர்த்தால் தூரிகையில் மணல் அகப்பட்டுக் கோடு கிழிந்து கிழிந்து வரும்.

கலவை: பொடி 4 தேக்கரண்டி, பசை ஒன்றரை, தண்ணீர் 3. பொடியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு பசை, பிறகு மீதித் தண்ணீர். பசையை முதலில் விட்டால் கட்டிகட்டியாக நிற்கும். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு நிறத்துக்கு ஒரு கிண்ணம் போதும். கரி தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் இறங்கிவிடும்.

அட்டையில் ஒரு கோடு இழுத்து, காய்ந்ததும் விரலால் தேயுங்கள். விரலில் நிறம் ஒட்டினால் பசை குறைவு, அரைத் தேக்கரண்டி கூட்டுங்கள். மேற்பரப்பு பளபளத்து அட்டை வளைந்தால் பசை அதிகம், பொடி சேருங்கள். வெள்ளையில் மட்டும் ஒரு எச்சரிக்கை: நாமக்கட்டி ஈரத்தில் சாம்பல் நிறமாகத்தான் தெரியும், காய்ந்த பிறகே வெளுக்கும். இது தெரியாமல் பிள்ளைகள் மேலே மேலே பூசுவார்கள், அது வெடித்து உதிரும். ஒரு பூச்சு, பத்து நிமிடப் பொறுமை.

மஞ்சளைச் சிவப்பாக்கும் வேலையைப் பெரியவர் ஒருவர் செய்து காட்டலாம், திவி தீவுகளிலும் இப்படிச் செய்கிறார்கள். பழைய இரும்புத் தவாவில் மஞ்சள் காவியை மெல்லிய படலமாகப் பரப்பி, நடுத்தீயில் 15 முதல் 20 நிமிடம் கிளறுங்கள். சுமார் 300 டிகிரியில் தாதுவுக்குள் கட்டுண்ட நீர் வெளியேற, நிறம் செங்கல் சிவப்பாக மாறும். தடியாகக் கொட்டினால் அடியில் மட்டும் சிவந்து மேலே மஞ்சளாகவே நிற்கும். புகைந்து கருகினால் அது காவியே அல்ல, சாயம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அந்தத் தவாவை மறுபடி தோசைக்கு எடுக்காதீர்கள்.

நம் ஊர்த் தடங்கள்

சார்ட் பேப்பர் ஈரத்தில் நெளியும், மில் போர்டு வாங்குங்கள். முந்தின நாளே செங்காவியால் அடிப்பூச்சு பூசிக் காயவையுங்கள். வகுப்பு இரண்டு மணி நேரம். அதில் முதல் முக்கால் மணி வண்ணத்தைத் திறக்கவே வேண்டாம்.

படம் ஒன்றைப் படித்துக் காட்டிய பின், அகலத் தட்டுகளில் சலித்த மணலை இரண்டு விரற்கடை ஆழத்துக்குப் பரப்பி, கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தட்டிவிடுங்கள். பிறகு ஒரே கேள்வி: உன் தெருவில் எது எந்தத் தடத்தை விட்டுப்போகிறது? விடைகள் கொட்டும். மீன்பாடி வண்டிக்கு மூன்று சக்கரக் கோடு. காக்கைக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கடற்கரை நண்டுக்கு இருபக்கமும் ஊசிக்குத்துப் போன்ற வரிசை. ஃபைபர் படகைக் கரைக்கு இழுத்தால் அகலமான பள்ளம். மேலிருந்து பார்த்தால் கேரம் பலகை நான்கு மூலையில் குழி கொண்ட சதுரம். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடங்கள் ஒரு வரிசை வாய்கள். வியாசர்பாடிப் பிள்ளைகள் கால்பந்துத் திடலைத்தான் முதலில் வரைவார்கள். மனிதருக்கு லாட வடிவத்தை எடுத்துக்கொள்ளாமல், வாசலில் கழற்றிவிட்ட ஒரு ஜோடிச் செருப்பை வைக்கலாம். திறந்த பக்கம் பார்க்கும் திசையைச் சொல்வதுபோல, செருப்பின் முனை அவர் எந்தப் பக்கம் போனார் என்று சொல்லும்.

குறிக்கு மூன்று நிபந்தனை வையுங்கள். மேலிருந்து பார்த்ததாகவோ பதிந்த தடமாகவோ இருக்கவேண்டும். நான்கு கோட்டுக்கு மேல் போகக்கூடாது. கதையைக் கேட்டபின் பக்கத்துப் பிள்ளைக்குப் புரியவேண்டும், கேட்பதற்கு முன் புரியவேண்டியதில்லை. இவற்றோடு, ஒரே ஒரு குறியின் பொருளை யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் உரிமையையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுங்கள். ஆசிரியரும் கேட்கக்கூடாது. மறைத்து வைப்பதற்கும் மதிப்பு உண்டு என்பது, பத்து நிமிடம் விளக்கிச் சொல்வதைவிட இதில் நன்றாகப் பதியும்.

மணலில் முடிவான பிறகு அட்டைக்கு வாருங்கள். முதலில் பாதைகள், பிறகு இடங்கள், பிறகு தடங்கள், கடைசியில் தேவையானால் நிலத்தின் நிரப்பு. புள்ளியாகவே நிரப்பவேண்டிய கட்டாயம் இல்லை. கடலுக்குச் சிறு கீற்று, தார்ச் சாலைக்குக் கரித் தேய்ப்பு என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். புள்ளி வேண்டுமென்றால் காது குடையும் பஞ்சுக் குச்சி ஆகாது, பஞ்சு ஊறிப் பெருத்துவிடும். தூரிகையின் பின்முனை அல்லது தீக்குச்சி சரி. ஒருமுறை தோய்த்தால் நான்கு புள்ளி வரும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறிதாக இருக்கும். ஒரே அளவு வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் தோய்க்கவேண்டும். குச்சியைத் தூக்கியதும் சொட்டு உடனே விழுந்தால் வண்ணம் நீர்த்திருக்கிறது, புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும். விழவே இல்லையென்றால் வண்ணம் கெட்டியாக இருக்கிறது, புள்ளியில் கூர் முனை எழுந்து நிற்கும்.

கண்காட்சி அட்டையில் ‘பூர்வகுடி ஓவியம்’ என்றோ ‘அபோரிஜினல் ஆர்ட்’ என்றோ எழுதாதீர்கள். இப்படி எழுதலாம்: ‘கிளிஃபர்ட் பாசம் ஜபல்ஜாரியின் வார்லுகுலாங் ஓவியத்தைப் படித்தபின், தண்டையார்பேட்டைத் தெருத் தடங்களைக் கொண்டு வரைந்தது. குறிகள் வரைந்தவருடையவை.’ கீழே பிள்ளையின் பெயர், தெரு, எந்தக் காவி.

மீதி வண்ணத்தைச் சிங்க்கில் ஊற்றினால் காவி அடியில் படிந்து குழாய் அடைக்கும். செய்தித்தாளில் ஊற்றிக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். பசை கலக்காத பொடியை மூடி இறுகிய டப்பாவில் வைத்தால் எத்தனை வருடமானாலும் கெடாது. பசை கலந்தது குளிர்பதனப் பெட்டியில் நான்கைந்து நாள் தாங்கும், நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள். சீருடையில் பட்ட காவியைக் காயவிட்டு உதறிய பிறகே துவைக்கவேண்டும். ஈரத்தோடு தேய்த்தால் இழைக்குள் இறங்கிவிடும், அப்புறம் போகாது.